அழுங்காமையும் பவளமும்: மாத்தளையின் தூரத்து அயலவர்கள்



எமது மாத்தளை மாவட்டத்தின் எந்தவோர் எல்லையையும் கடல் தொடுவதில்லை. நகரிலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாகச் சுமார் 150 கிலோமீற்றர் பயணித்த பின்னரே திருகோணமலைக் கடலைக் காணலாம். எம்மிற் பலருக்குக் கடல் என்பது பாடசாலைச் சுற்றுலாவில் ஒருநாள் கால் நனைத்த இடம், அவ்வளவே. அவ்வாறிருக்க, கடலில் அருகிவரும் இரு உயிர்களைப் பற்றி மலையடிவாரத்தில் வாழும் நாம் ஏன் பேசவேண்டும் என நீங்கள் வினவக்கூடும். அவ்வினாவுக்கான விடை எமது வீட்டுக் கொல்லையில் ஓடும் ஓடையிலேயே இருக்கின்றது. ஆகவே, அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

மாத்தளை நகரைத் தழுவி ஓடும் சுது கங்கை, அம்பன் கங்கையுடன் கலக்கின்றது. லக்கலைப் பகுதியின் களு கங்கையும் அதனையே சேர்கின்றது. அம்பன் கங்கை மகாவலியுடன் சங்கமிக்க, மகாவலி மூதூரை அடுத்துள்ள கொட்டியாரக் குடாவில் கடலை அடைகின்றது. இது கிழக்குத் திசை. தம்புள்ளை, கலேவெலப் பக்கத்து மழைநீரோ வேறு வழியிற் செல்கின்றது. அது கலாவெவக்குச் சென்று, அங்கிருந்து கலா ஓயாவாக மேற்கே ஓடிப் புத்தளம் களப்பிற் கலக்கின்றது. அக்களப்பின் மறுபுறம் கற்பிட்டி. கடலே இல்லாத எமது மாவட்டம் இரு கடல்களுக்கு நீர் வார்க்கின்றது என்பதை எம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? ஆற்றின் வழியே பார்த்தால் அக்கடல்களில் வாழ்பவை எமது அயலவர்களே. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கு அறிமுகப்படுத்த விரும்புகின்றேன். ஒன்று அழுங்காமை. மற்றையது பவளம்.

ஓடு சுமக்கும் பயணி

இலங்கையின் கரைகளில் ஐந்து இனக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. அவற்றுள் அழுங்காமை மிக அரிதாகவே கரையேறும். முதுகோட்டின் நீளம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. வாய் பருந்தின் அலகைப் போன்று கூர்ந்து வளைந்திருக்கும். ஏனைய கடலாமைகளின் ஓட்டுத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, இதன் தகடுகள் கூரை ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. எமது காடுகளில் எறும்பு தின்னும் அழுங்கைக் கண்டிருப்பவர்கள் அதன் செதிலை நினைவுபடுத்திக் கொண்டால் இந்த ஆமையின் பெயர் பொருந்துவதை உணர்வர்.

வாழ்நாளில் மிகப் பெரும்பகுதியைக் கடலிற் கழிக்கும் இவ்வாமை, முட்டையிடுவதற்காக மாத்திரம் பெண்ணாமையாக மணலுக்கு வருகின்றது. இரவில் ஊர்ந்துவந்து, பின்துடுப்புகளாற் குழி தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பிவிடும். ஏறத்தாழ இரு மாதங்களிற் குஞ்சுகள் வெளிவரும். தாய் அவற்றைக் காண்பதில்லை. அக்குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடும் பருவத்தை அடைய இருபது வருடங்களுக்கு மேலாகலாம். அதன் பின்னர், பல நூறு கிலோமீற்றர் கடந்து, தான் பிறந்த கரைப் பகுதியைத் தேடியே அது வருகின்றது.

இது பற்றிய ஒரு பழைய செய்தி எமது நாட்டிலேயே உண்டு. பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தமது நூலில் அதனைப் பதிந்துள்ளார். 1826ஆம் ஆண்டு அம்பாந்தோட்டைக்கு அருகே அகப்பட்ட ஓர் ஆமையின் துடுப்பில் ஒரு வளையம் காணப்பட்டதாம். சுமார் முப்பது வருடங்களுக்கு முன்னர், அதே கரைக்கு அது மீண்டும் வருமா எனச் சோதிப்பதற்காக ஓர் ஒல்லாந்த அதிகாரி பூட்டிய வளையம் அது. அந்த முப்பது வருடங்களில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிவிட்டது. ஆமைக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை!

அதே டெனன்ட் எழுதிவைத்த மற்றொரு செய்தி மனத்தை வருத்தக்கூடியது. அழுங்காமையின் ஓடே அக்காலத்திற் சீப்பு, பேழை, கைப்பிடி போன்ற ஆடம்பரப் பொருட்களுக்கு மூலப்பொருளாக விளங்கியது. கரையோரச் சிங்களப் பிரமுகர்கள் தலையில் அணிந்த வளைந்த சீப்பும், காலித் துறைமுகத்திற் கப்பற் பயணிகளுக்கு விற்கப்பட்ட அணிபொருட்களும் அதனாற் செய்யப்பட்டவையே. ஆமை இறந்த பின்னர் ஓட்டைக் கழற்றினால் அதன் நிறம் மங்கிவிடும் என்பதற்காக, முட்டையிட வந்த ஆமையை உயிரோடு நெருப்பின் மேல் தொங்கவிட்டுத் தகடுகளைக் கழற்றினர். பின்னர் அதனைக் கடலில் விட்டனர். உயிருள்ள பிராணியை வதைப்பதை எமது மார்க்கம் எத்துணை வன்மையாகத் தடுத்துள்ளது என்பதை அறியாதவர் எம்மில் இல்லை. எனினும் அச்சீப்பை விலைகொடுத்து வாங்கியவரின் கண்ணுக்கு அந்த நெருப்புத் தென்படவில்லை. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு வரும்போது இவ்வாக்கியத்தை மீண்டும் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள்.

இன்று நிலைமை மாறியுள்ளது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றீஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979ஆம் ஆண்டு இணைந்தது. அழுங்காமையின் ஓட்டை நாடு கடத்தி விற்பது அதன்படி தடைசெய்யப்பட்டுள்ளது. எமது நாட்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஐந்து இனக் கடலாமைகளையும் அவற்றின் முட்டைகளையும் காக்கின்றது. இருந்தும் அழுங்காமை, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் செந்நிறப் பட்டியலில் ‘மிக மோசமான அழிவாபத்தில் உள்ளது’ என்ற நிலையிலேயே இன்றும் வைக்கப்பட்டுள்ளது.

நகராத விலங்கு

பவளத்தை விலங்கு என்று கூறினால் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதிற் புதுமையில்லை. 1720களில் பிரெஞ்சு வைத்தியரான பெய்சொனெல் என்பவர், பவளத்தில் ‘மலர்கள்’ என எண்ணப்பட்டவை உண்மையிற் சிறு பிராணிகளே என எடுத்துரைத்தபோது, பரிஸ் நகரத்து அறிஞர் சபையே அதனை ஏற்க மறுத்தது. ஆனால் அவர் கூறியதே உண்மை. பொலிப்பு எனப்படும் சின்னஞ்சிறு பிராணிகள் ஆயிரக்கணக்கிற் கூடி வாழும் குடியிருப்பே ஒரு பவளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயும் அதனைச் சூழ உணர்கொம்புகளும் உண்டு. கடல்நீரிற் கரைந்துள்ள பொருளிலிருந்து கல்சியம் காபனேற்றை, அதாவது சுண்ணக்கல்லை உண்டாக்கி, தாம் அமர்ந்திருக்கும் இருக்கையை அவை கட்டுகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட அவ்விருக்கைகளே பவளப்பாறை ஆகின்றன.

இப்பொலிப்பின் உடலுக்குள்ளே ஒருகல அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைத் தமக்கு இடமளித்த பொலிப்புக்குக் கொடுக்கின்றன. பவளத்தின் நிறத்திற் பெரும்பகுதி அக்குடியிருப்பாளருடையதே. ஆகவேதான் பவளத்துக்குத் தெளிந்த நீரும் ஒளியும் இன்றியமையாதவை. சேறு கலங்கிய ஆற்று முகத்துவாரங்களிற் பவளம் செழிக்காததற்கும் இதுவே காரணம்.

இங்கு ஒரு விளக்கம் அவசியம். அல்குர்ஆனில் அர்-ரஹ்மான் அத்தியாயத்தில் முத்துடன் சேர்த்துக் குறிப்பிடப்படும் ‘மர்ஜான்’ என்ற சொல்லை எமது தமிழ் மொழிபெயர்ப்புகள் பவளம் எனப் பெயர்த்துள்ளன. விரிவுரையாளர்களுட் சிலர் அதனைச் சிறுமுத்து எனவும் கொண்டுள்ளனர். நகைக்கடையில் நாம் காணும் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் விளைவது. அது பாறை கட்டும் இனமன்று. எமது கரையோரத்துப் பவளமோ நகைக்கு உதவாதது. மான்கொம்பு போலக் கிளைவிட்டும், மனித மூளைபோல மடிப்புகளுடன் உருண்டும், மேசைபோலத் தட்டையாகவும் வளர்வது. நகைக்கு உதவாது என்றபடியாற்றானோ என்னவோ, நாம் அதனைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிவிட்டோம்.

ஆம், சுண்ணாம்பு. இவ்விடத்தில் மாத்தளைக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. எமது மாவட்டத்தில் டொலமைற் எனப்படும் மலைக்கல்லைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு எடுக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அக்கல் மிகப் புராதன காலத்திற் கடலடியிற் படிந்து, பின்னர் பூமியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதாகும். பவளம் என்ற பிராணி தோன்றுவதற்கும் முற்பட்ட கடல் அது! ஆனால் தென்மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்தோருக்கு மலைக்கல் தூரமாகவும் பவளம் அண்மையாகவும் இருந்தது. 1984ஆம் ஆண்டளவிற் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் மேற்கொண்ட கணக்கெடுப்பின்படி அப்பகுதியிலிருந்து வருடமொன்றுக்குச் சுமார் 18,000 தொன் பவளம் சுண்ணாம்புக்காகப் பெறப்பட்டது. அதில் பெரும்பங்கு நிலத்தில் புதையுண்ட பழம்பவளமும் கரையொதுங்கியதுமாகும். எனினும் ஒரு பங்கு உயிருள்ள பாறைகளிலிருந்தே உடைத்தெடுக்கப்பட்டது. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கவும், சாந்து குழைக்கவும், வெற்றிலைக்குத் தடவவும் அது பயன்பட்டது. பின்னர் 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கரையோர வலயத்திற் பவளம் அகழ்வதைத் தடைசெய்தது. தடைக்குப் பின்னரும் அகழ்வு உடனே நின்றுவிடவில்லை. கடற்கரையிற் பிழைப்புக்கு வேறு வழியற்ற குடும்பங்கள் பல இருந்தன என்பதையும் நாம் மறுக்க முடியாது.

அதன் விலை என்னவென்பது 2004 டிசம்பர் 26 அன்று ஓரளவு தெரியவந்தது. அன்றைய சுனாமியின் பின்னர் ஆய்வாளர் குழுவொன்று ஹிக்கடுவையையும், அதற்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பெரலியவையும் ஒப்பிட்டது. பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரத்துடன் வந்து, கரையிலிருந்து 50 மீற்றர் அளவிலேயே ஓய்ந்தது. பவளம் பெருமளவில் அகழப்பட்டிருந்த பெரலியவில் அலை 10 மீற்றர் வரை எழுந்து, 1.5 கிலோமீற்றர் உள்ளே புகுந்தது. புகையிரதமொன்றைப் புரட்டி 1,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்ட இடம் அதுவே. கடலடியின் ஏற்ற இறக்கமும் அலையின் போக்கை நிர்ணயிக்கும் என்பதால் முழுப் பொறுப்பையும் பவள அகழ்வின் மீது சுமத்துவது சரியன்று. ஆனால் பாறை இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் நேரிற் கண்டவர்களுக்கு அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

முகமுள்ளதும் முகமற்றதும்

இனி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஆமை கடல் கடந்து அலைகின்றது. பவளமோ குஞ்சுப் பருவத்திற் சில நாட்கள் நீரில் மிதந்துவிட்டு, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் இறுதிவரை அங்கேயே இருந்துவிடும். ஆபத்து வந்தால் ஆமை நீந்தி விலகலாம். பவளத்தால் இயலாது. ஆனால் பிறந்த கரையை மறக்காத ஆமையும் ஒருவகையில் இடத்துக்குக் கட்டுப்பட்டதே. அக்கரையில் ஒரு சுற்றுலா விடுதியின் விளக்கொளி விழுந்துவிட்டால் அதன் குஞ்சுகள் கடலை விடுத்து ஒளியை நோக்கி ஊர்ந்து மடிகின்றன.

இரண்டின் விதியும் வெப்பத்தோடு பின்னிப்பிணைந்தது. கடல்நீர் அவ்விடத்தின் வழக்கமான கோடைகால உச்சத்தை விட 1 பாகை செல்சியஸ் அளவே உயர்ந்து, சில வாரங்கள் நீடித்தாற் போதும். பொலிப்பு தன்னுள் வாழும் அல்காக்களை வெளியேற்றிவிடும். நிறமிழந்து வெளுத்துநிற்கும் அது பட்டினியால் மெலிந்து, நீர் விரைவிற் குளிராவிட்டால் இறந்துவிடும். 1998ஆம் ஆண்டு எமது நாட்டில் இதுவே நேர்ந்தது. ஹிக்கடுவையிலும், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீப் எனும் பெரும் பவளத்திட்டிலும் ஆழம் குறைந்த பகுதியின் பவளங்களிற் பெரும்பாலானவை அவ்வருடம் மடிந்தன. திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் அன்று தப்பிக்கொண்டன. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலையில் இன்று நாம் காணும் பவளம் அதனாற்றான் எஞ்சியது.

ஆமையின் விடயத்தில் வெப்பம் வேறுவிதமாக விளையாடுகின்றது. முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பநிலையே முடிவுசெய்கின்றது. சுமார் 29 பாகைக்கு மேற்பட்டாற் பெண் குஞ்சுகள் மிகும். 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்தடுப்புப் பாறையின் வடபகுதிக் கரைகளிற் பிறந்த இளம் பச்சையாமைகளுள் 99 சதவீதம் பெண்ணாகவே காணப்பட்டன. கரையில் ஆமைகள் பெருகுவதாகவே கண்ணுக்குத் தோன்றும். ஆனால் அடுத்த தலைமுறைக்குத் தந்தை எங்கே?

எனினும் அண்மைக் கால விபரங்கள் இரண்டையும் இரு வேறு திசைகளிற் காட்டுகின்றன. பச்சையாமை, பல தசாப்தகாலப் பாதுகாப்பின் பயனாக, 2025 ஒக்டோபரிற் செந்நிறப் பட்டியலின் ‘அழிவாபத்து’ நிலையிலிருந்து ‘குறைந்த கவலைக்குரியது’ என்ற நிலைக்கு மாற்றப்பட்டது. முட்டை தோண்டியவர்களையே முட்டைக் காவலர்களாக்கிய எமது தென்கரையின் ரேக்கவ போன்ற இடங்கள் அத்தகைய பாதுகாப்புக்கு உதாரணமாகும். அழுங்காமை அந்நிலையை இன்னும் எட்டவில்லை. ஆயினும் வழி இருக்கின்றது என்பது தெரிந்துவிட்டது. பவளமோ எதிர்த்திசையிற் செல்கின்றது. பாறை கட்டும் பவள இனங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஆபத்தில் இருப்பதாக 2008ஆம் ஆண்டு மதிப்பிடப்பட்டது. 2024 நவம்பரில் அது 44 சதவீதமாக உயர்ந்தது. அதே 2024ஆம் ஆண்டிலேயே, உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு நடைபெறுவதாக அறிவிக்கப்பட்டது.

ஏன் இந்த வேறுபாடு? ஆமையின் எதிரி கரைக்கு வந்து கூடை நிறைய முட்டை அள்ளும் மனிதன். அவனைச் சட்டத்தால் தடுக்கலாம், கூலி கொடுத்து மனம் மாற்றலாம், இரவில் விழித்திருந்து காவல் காக்கலாம். பவளத்தை உடைத்தவனையும் அவ்வாறே தடுத்தோம். ஆனால் சூடேறும் நீரையும், மிதந்துவரும் குப்பையையும் எந்தக் காவலாளி மறிப்பது? இது முதற் காரணம். அடியேனுக்குத் தோன்றும் மற்றொரு காரணமும் உண்டு. ஆமைக்குக் கண்கள் இருக்கின்றன. முட்டையிடும்போது அக்கண்களில் நீர் வழிகின்றது. உடலில் மிகும் உப்பை வெளியேற்றும் சுரப்பு அது என்றாலும், காண்பவர் உள்ளம் கரைகின்றது. பவளத்துக்கு முகமில்லை. அது அழுவதில்லை, ஓடுவதில்லை, கத்துவதில்லை. இறந்த பின்னரும் இருந்த இடத்திலேயே வெள்ளையாக நிற்கின்றது. எமது இரக்கம் முகமுள்ளதைத்தான் முதலிற் தேடிச் செல்கின்றது போலும்.

முகமுள்ளதன் வாழ்வோ முகமற்றதிலேயே தங்கியுள்ளது. அழுங்காமை உணவு தேடுவதும் உறங்குவதும் பவளப்பாறைகளின் இடுக்குகளிலே. அதன் பிரதான உணவு கடற்பஞ்சு. கண்ணாடியை ஒத்த சிலிக்கா முட்கள் நிறைந்த கடற்பஞ்சை உண்ணக்கூடிய பிராணிகள் மிகச் சிலவே. அக்கடற்பஞ்சோ பாறையில் இடம்பிடிக்கப் பவளத்துடன் போட்டியிடும் உயிர். கூரிய அலகால் அதனைக் குடைந்து தின்னும் ஆமை, தன்னையறியாமலே பவளத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கின்றது. பவளம் ஆமைக்கு வீடளிக்க, ஆமை பவளத்துக்குக் களை பிடுங்குகின்றது என்று எமது விவசாயிகளுக்குக் கூறினால் உடனே புரிந்துவிடும்.

கஞ்சிப் பையின் பயணம்

இனி நெருப்பைக் காணாமற் சீப்பு வாங்கியவரை நினைவுபடுத்துங்கள்.

எமது பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி பகிரப்படும் அஸர் வேளையை எண்ணிப்பாருங்கள். முன்னர் சிறுவர்கள் வாளியும் தூக்குச்சட்டியும் ஏந்தி வரிசையில் நின்றார்கள். பின்னர் பொலித்தீன் பை வந்தது. கொதிக்கும் கஞ்சியை அதிலே ஊற்றி முடிச்சிட்டுக் கொடுப்பது இலகுவாயிற்று. ஒரு வீட்டுக்கு ஒரு பை என்றாலும் முப்பது நாளைக்கு முப்பது பை. ஒரு மஹல்லாவில் முந்நூறு வீடுகள் இருந்தால் ஒன்பதாயிரம். கல்யாண வீட்டிற் சஹனைச் சுற்றியமர்ந்து உண்ணும் எமது மூதாதையர் வழக்கத்துக்கு ஒரு தாளும் தேவைப்பட்டதில்லை. இன்றோ சோற்றுப் பொதிக்கும் பொலித்தீன், தேநீருக்கும் பிளாஸ்டிக் கோப்பை. இது முஸ்லிம்களின் குறை மாத்திரமன்று. தன்சல்களிலும் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் இதே காட்சிதான். ஆயினும் எமது வாசலை நாமே பெருக்க வேண்டும். சோற்றுப் பொதிக்கான பொலித்தீன் தாளை அரசாங்கம் 2017ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. அத்தடை எமது சமையலறைக்கு எந்தளவு எட்டியிருக்கின்றது என்பது உங்களுக்கே தெரியும்.

அப்பை வடிகாலிலிருந்து சுது கங்கைக்கு வருகின்றது. இடையிலே போவத்தென்ன, மொரகஹகந்த நீர்த்தேக்கங்கள் இருக்கின்றனவே, அவை தடுத்துவிடாதா என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெருமளவு குப்பையும் மணலும் அணைகளிலே தங்கிவிடும் என்பது உண்மை. அது அணைக்குக் கேடு, அவ்வணை நீரைக் குடிப்போருக்கும் கேடு. ஆனால் வெயிலிற் கிழிந்து நுண்துகளாகிப்போன பொலித்தீனை அணை மறிப்பதில்லை. வடகீழ்ப் பருவமழையில் வான்கதவுகள் திறக்கப்படும் நாட்களில் மிதப்பவையும் சேர்ந்தே செல்கின்றன. வில்கமுவ போன்ற பகுதிகளின் நீரோ அவ்வணைகளைக் காணாமலே மகாவலியைச் சேர்கின்றது.

கடலை அடைந்த பை இரு அயலவரையும் இரு விதமாகக் கொல்கின்றது. நீரில் விரிந்து மிதக்கும் அது ஆமையின் கண்ணுக்குச் சொறிமுட்டை எனப்படும் இழுதுமீனாகத் தோன்றும். கடலாமையின் தொண்டையில் உட்புறம் நோக்கிச் சாய்ந்த முட்கள் நிறைந்துள்ளன. வழுக்கும் இரையை நழுவவிடாமற் காக்கும் அம்முட்கள், தவறி விழுங்கிய பொலித்தீனை உமிழவும் விடுவதில்லை. குடல் அடைபட்ட ஆமை, வயிறு நிறைந்த உணர்வுடனே பட்டினியால் இறக்கின்றது. அதே பை பவளத்தின் மீது படிந்தால் ஒளியை மறைக்கின்றது, உராய்ந்து புண்ணாக்குகின்றது, அப்புண்ணில் நோய்க்கிருமி புகுகின்றது. ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் 159 பவளப்பாறைகளில் நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, பிளாஸ்டிக் படாத பவளத்தில் நோய்க்கான வாய்ப்பு 4 சதவீதமாக இருக்க, பிளாஸ்டிக் பட்ட பவளத்தில் அது 89 சதவீதமாக உயர்வதைக் கண்டறிந்தது. ஆமைக்குத் துப்ப முடியவில்லை. பவளத்துக்கு உதறக் கையில்லை.

2021ஆம் ஆண்டு கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அன்று கடலிற் கொட்டுண்டன. அதனையடுத்து நானூறுக்கும் மேற்பட்ட கடலாமைகள் இறந்து கரையொதுங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது. கப்பலுக்குப் பெயர் உண்டு, உரிமையாளர் உண்டு, வழக்குத் தொடரலாம். சுது கங்கையில் மிதந்துவந்த கஞ்சிப் பையில் எவர் பெயரும் எழுதப்பட்டிருப்பதில்லை.

ஆகவே இம்முறை நோன்புக்குப் பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் ஒரு வார்த்தை பேசிப்பாருங்கள். பாத்திரம் கொண்டுவருவோருக்கு முதலிற் கஞ்சி என்று ஓர் அறிவித்தல் போதுமானது. சிறுவர்கள் இரண்டாம் நாளே தூக்குச்சட்டியுடன் வந்துவிடுவார்கள். மலைச்சரிவிற் காய்கறியும் மிளகும் பயிரிடுவோர், மழைக்கு முன்னர் மண்ணணை கட்டி மேல்மண்ணைத் தடுத்தால் அது முதலில் அவர்களது தோட்டத்துக்கே இலாபம். கலங்கல் குறைந்த நீர் கீழே ஓடுவது அதனோடு சேர்ந்து வருவது.

மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். பிள்ளைகளுடன் அப்பக்கம் சுற்றுலா செல்வோர் நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாமலைக்குச் செல்லலாம். 2003ஆம் ஆண்டிலிருந்து அது கடல்சார் தேசியப் பூங்காவாகும். முழங்காலளவு நீரிலேயே பவளத்தைக் காண இயலும். அதிர்ஷ்டமிருந்தால் ஆமையொன்றும் உங்களைக் கடந்து செல்லக்கூடும். அங்கே பாறைபோலத் தோன்றும் எதன்மீதும் கால் ஊன்றிவிடாதீர்கள். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளர்கின்றது. உங்கள் காலடியில் ஒரு சாண் உயரத்தில் நிற்பது, இன்று முட்டையிட வரும் ஓர் ஆமை குஞ்சாகக் கடலில் இறங்கிய காலத்தில் அங்கே ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம்.